ரொட்டியின் மேல் போட்ட துணி

என் பெயர் புஷ்பம். ரங்கூன் தாமுவேயில் இருக்கிறேன். பர்மாக்காரர்கள் என்னை மா பன் என்று கூப்பிடுவார்கள். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். எழுதுவதும் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடனிலிருந்து மீண்டவர்கள், விபத்தில் தப்பியவர்கள் எல்லாம் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறோம். எனக்கு இருந்தது வெளியே சொல்ல வெட்கமான வியாதி. பொறாமை. அதுவும் ஊரில் இருக்கிற எல்லோர் மேலும் இல்லை. ஒரே ஒருத்தி மேல். என் சினேகிதி எஸ்தர் மேல்.

எஸ்தரை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிறவள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஆறு வாசல். சிறு வயதிலிருந்தே ஒன்றாக இருக்கிறோம். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, நாற்பத்தேழு. அவள் பத்து வரைக்கும் படித்தாள். நான் அம்மாவுக்கு முடியாமல் போனதும் நின்றுவிட்டேன். அப்போதிருந்தே இது ஆரம்பித்திருக்க வேண்டும்.

எங்கள் வரிசையில் கரண்டு போனால் எஸ்தர் வீட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம் இருக்கும். சிங்கப்பூரிலிருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த பாட்டரி. என் தையல் மிஷின் நின்றதும் அவளே வாசலில் வந்து, "இங்க வந்து தைடி" என்று கூப்பிடுவாள். நான் போகமாட்டேன். மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக் கண் வலிக்கும். வலித்ததும் அவள் மேல் கோபம் வரும். அவள் வீட்டுக் குளிர்பெட்டி, அவள் கணீரென்ற குரல், அவள் மகள் மாதம் தவறாமல் பேசுவது, எல்லாமே எனக்கு முள். அவள் வேதம் வாசித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர்கள் "எவ்வளவு தெளிவு" என்பார்கள். நான் கைக்குட்டையை மடிப்பேன், பிரிப்பேன், மறுபடி மடிப்பேன்.

நான் சும்மாவே பயந்தவள். கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறிய பிறகு அடுப்பை அணைத்தேனா என்று இறங்கி வீட்டுக்கு ஓடுவேன். அவ்வளவு பயம் இருக்கிறவளுக்குப் பொறாமையும் சேர்ந்தால் தூக்கம் எங்கே வரும்? ரத்தக்கொதிப்பு மாத்திரை அதில்தான் ஆரம்பித்தது.

போன வருஷம் மழை ஓய்கிற நேரம். எஸ்தர் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துத் தன் மார்பின் மேல் வைத்தாள். ஒரு சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி. "உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றாள். அழுதேன். அது உண்மையான அழுகைதான்.

ஆனால் ஒரு வாரத்தில் சபைக்கே தெரிந்தது. ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அவள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஆரஞ்சு, பிஸ்கெட், சூப்பு. போதகர் ஐயா இரண்டு முறை வந்து ஜெபித்தார். என் வீட்டுக்காரர் அந்தோணி க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை சரிந்து கால் முறிந்து கிடந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்றே பேர். நான் என் வாசலில் நின்று அந்தச் செருப்புகளைப் பார்த்தேன். மனதில் ஒரு பேச்சு வந்தது. நோயிலும் இவள்தான் முதலா?

இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது வந்ததுதான். அன்றைக்கு முழங்காலில் நின்று அவளுக்காக ஜெபிக்கப் பார்த்தேன். "ஆண்டவரே, எஸ்தரை" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. செத்துப்போகக்கூடிய நிலையில் ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய சினேகிதிக்கு ஜெபம் வரவில்லை. என்னை விட்டு ஆண்டவர் எழுந்து போய்விட்டார் என்றே நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் டோ மிரியம் துணி தைக்கக் கொடுத்தார்.

டோ மிரியம் யூதக் குடும்பம். இங்கே மூத்த பெண்களை டோ, ஆண்களை ஊ என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர் பாட்டனார் காலத்தில் பாக்தாதிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். அம்மா வழி பர்மா. இப்போது ரங்கூனில் அவர்கள் ஆட்கள் மிகக் கொஞ்சம். நான் அவருக்குத் திரைச்சீலை, மேஜைவிரிப்பு எல்லாம் தைத்துக் கொடுப்பேன். ஒருமுறை எஸ்தரும் என்னோடு வந்திருந்தாள். அவர்கள் வேதம் படிக்கிற முறையைப் பற்றி டோ மிரியம் சொல்லச் சொல்ல எஸ்தர் கண் கொட்டாமல் கேட்டாள். "அடுத்த தடவ வாத்தியார் வந்தா எங்களையும் கூப்பிடுங்க, நாங்க ஒரு மூலையில இருந்து கேட்டுட்டுப் போறோம்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

இந்த முறை அவர் கொடுத்தது ஆறு வெள்ளைத் துணி. ஓரத்தில் நீல நூலில் கொடி வேலை. தட்டு மூட என்று நினைத்துக்கொண்டேன். தைத்துக்கொண்டு போனபோது டோ மிரியம் சொன்னார். "மா பன், மும்பையிலேருந்து வாத்தியார் வர்றார். தடின்ஜுட் விளக்குப் பண்டிகை முடிஞ்ச வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்து ஞாயிறு வரைக்கும், மிங்கலாடோன் பக்கம் ஒரு தோட்ட வீட்ல எல்லாரும் தங்கிப் படிக்கப் போறோம். எங்க ஆளுங்க கொஞ்சம் பேர்தான். உங்களுக்கு ரெண்டு எடம் வச்சிருக்கேன். நீங்களும் உங்க தோழியும். நாங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் படிப்போம், தனியாப் படிக்க மாட்டோம். அதனால கட்டாயம் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

எஸ்தரின் ஆப்பரேஷன் அந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய். அவள் அதற்கு முன் இப்படி ஒரு இடத்தில் இரண்டு நாள் இருக்க எவ்வளவு ஆசைப்படுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன். ஆறு வாசல் தூரத்தில் இருக்கிறவளிடம் ஐந்து நாள் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது எஸ்தர் போகாத இடத்துக்கு நான் போக வேண்டும். திரும்பி வந்து நான் சொல்ல, அவள் கேட்க வேண்டும். என் எண்ணம் இவ்வளவுதான்.

வீட்டுக்காரரிடம், "எஸ்தருக்கு ஒடம்பு முடியல, நான் மட்டும் போறேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்து, "அடுப்ப நான் பாத்துக்கறேன், நீ பஸ்ஸவிட்டு எறங்கி ஓடி வராத" என்றார்.

தோட்ட வீட்டில் பதினேழு பேர் இருந்திருப்போம். டோ மிரியம் வாசலில் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "தோழி எங்க?"

"அவளுக்கு உடம்பு சரியில்ல. கட்டி. செவ்வாக்கிழமை ஆப்பரேஷன்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் முழுக்கவும் பொய். டோ மிரியம் முகம் வாடிவிட்டது.

சூரியன் இறங்குமுன் எல்லோருடைய போனையும் ஒரு மூங்கில் கூடையில் போட்டு மூடினார்கள். அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் போனைத் தொடுவதில்லை, அடுப்புப் பற்றவைப்பதில்லை, விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடுவதில்லை. நான் விருந்தாளி, எனக்கு அந்தக் கட்டளை இல்லை என்றார்கள். இருந்தாலும் நானும் போட்டேன். போட்ட நிமிஷத்திலிருந்து கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஜைகளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். நான் தைத்த ஆறு துணியும் அங்கே இருந்தன. ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு ரொட்டி. அவற்றின் மேல் என் துணி. டோ மிரியமின் அண்ணன் ஊ சாம், பருத்த மனிதர், வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தார். உலர்ந்த திராட்சையை ஊற வைத்துப் பிழிந்த சாறு. அதன் மேல் ஆசீர்வாதம் பாடினார். எல்லோரும் குடித்தோம். கை கழுவினார்கள். அதன் பிறகுதான் துணியை எடுத்தார்கள்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஈ மொய்க்கும்னா மூடுறீங்க?"

ஊ சாம் சிரித்தார். "ஈயும் மொய்க்கும். ஆனா அதுக்கில்ல, மா பன். முறைப்படி பாத்தா ரொட்டிக்குத்தான் மொதல் மரியாதை. ஆனா இந்த ராத்திரி சாறுக்கு மொதல்ல ஆசீர்வாதம் பண்றோம். தனக்கு முன்னால இன்னொன்ன ஆசீர்வதிக்கிறதப் பாத்தா ரொட்டிக்கு மனசு கஷ்டப்படும் இல்லையா? அதான் கண்ணுல படாம மூடி வைக்கிறோம்."

"ரொட்டிக்கா?"

"ரொட்டிக்குத்தான். ரொட்டிக்கே இவ்வளவு பாக்கணும்னா மனுஷனுக்கு எவ்வளவு பாக்கணும்னு எங்க பெரியவங்க கேப்பாங்க. எனக்கு இப்ப பசி, ரொட்டிய எடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் எத்தனை முறை எஸ்தருக்கு ஆசீர்வாதம் ஆகியிருக்கிறது! என்னை யார் மூடினார்கள்? அந்தத் துணியை நானே தைத்தேன். எதற்கென்று தெரியாமலே தைத்தேன். அன்றைக்கு எனக்கு என் மேலேயே இரக்கம் வந்ததே தவிர, எஸ்தர் மேல் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை படிப்பு. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் கேள்வி கேட்கிறார். பிறகு இருவரும் வாதாடுகிறார்கள். மீன் கடை தோற்றுவிடும், அவ்வளவு சத்தம். எனக்கு ஜோடி இல்லை. டோ மிரியமே என்னோடு உட்கார்ந்தார். ஆனால் அவர்தான் வீட்டுக்காரம்மா. நாலு வரி போவதற்குள் யாராவது கூப்பிடுவார்கள், எழுந்து போவார். காலி நாற்காலியின் எதிரில் நான். பர்மிய எழுத்தை விரல் வைத்து வாசித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பாதிகூட ஓடவில்லை. எஸ்தர் இருந்தால் கடகடவென்று வாசித்திருப்பாள். நான் வேண்டாமென்று தள்ளிய ஆளைத்தான் அந்த நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தது.

படிப்பு முடிந்ததும் வியாதிக்காரர்களுக்காக ஜெபம். மும்பை வாத்தியார் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். டோ மிரியம் எழுந்து, "மா பன்னோட தோழி எஸ்தர்" என்றார்.

இங்கேயும் எஸ்தர்! உள்ளே சுர்ரென்று எரிந்தது. நான் வந்த இடத்திலும் அவள் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதுவும் என்னால்.

வாத்தியார் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். டோ மிரியம் பர்மிய மொழியில் சொன்னார். "அம்மா பேரு வேணும். வியாதிக்காரங்களுக்கு ஜெபம் பண்றப்ப நாங்க அம்மா பேரச் சேத்துத்தான் சொல்வோம். எஸ்தர் யாரோட மகள்?"

நான் வாயைத் திறந்தேன். "பாக்கியம்" என்றேன்.

அந்தப் பெயரை நான் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. பாக்கியம் அத்தைதான் எங்கள் அம்மா படுக்கையில் கிடந்தபோது எனக்குத் தலை பின்னிவிட்டவர். ஒரு பக்கம் எஸ்தர், ஒரு பக்கம் நான். அவளுக்கு ஒரு சடை முடிந்ததும் எனக்கு ஒரு சடை. எனக்குக் காத்திருக்கத் தெரியாது, அழுவேன். அதனால் சில நாள் என்னைத்தான் முதலில் உட்காரவைப்பார். எஸ்தர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

வாத்தியார் அவர்கள் பாஷையில், பாக்கியத்தின் மகள் எஸ்தர் என்று சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். முன்பின் பார்க்காத பதினைந்து பேர் அவளுக்காக ஆமென் சொன்னார்கள். எனக்கு மட்டும் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த அழுகையிலேயே ஜெபமும் வந்தது. "ஆண்டவரே, எனக்கு முன்னால் அவளை ஆசீர்வதியும். என்னை மூடிவிடும். அவளைப் பிழைக்க வையும்." பல நாளாக வராதது, மூன்று வரியாக வந்தது.

வெளியே வராந்தாவுக்கு ஓடினேன். டோ மிரியம் பின்னாலேயே வந்தார். "அவளுக்கு வர முடியாம இல்ல. நான் அவகிட்ட சொல்லவேயில்ல" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "சாயங்காலம் வரைக்கும் படிப்பு இருக்கு. நாளைக்கும் இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

வராந்தாவில் நாற்காலியில் சாய்ந்திருந்த ஊ சாம் வானத்தைப் பார்த்துச் சொன்னார். "எங்களுக்காக ஒரு வேலைய செய்யுங்கன்னு இன்னிக்கு நாங்க வெளியாள்கிட்ட கேக்கக்கூடாது. போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். தாமுவே பஸ் அந்தப் பெரிய மரத்தடியில நிக்கும்னு சும்மா பேசிட்டிருக்கேன்."

கூடையிலிருந்து என் போனைக்கூட எடுக்கவில்லை. பஸ் ஏறினேன். வழி முழுக்கப் பயம். அவள் வீட்டில் இல்லாவிட்டால்? மயங்கி விழுந்திருந்தால்? என் முகத்தில் துப்பினால்?

எஸ்தர் ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்ட ஒரு பழைய லோஞ்சி, சோப்பு, ஒரு டம்ளர். "என்னடி, தோட்ட வீட்டுக்குப் போயிட்டேன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரு? எனக்கு முடியலன்னு வேற சொன்னியாமே" என்றாள். அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதியை நின்றபடியே சொன்னேன். டோ மிரியம் ரெண்டு இடம் வைத்ததை, ஐந்து நாள் மறைத்ததை, ஏன் மறைத்தேன் என்பதை. வாசலில் இருந்த செருப்பை எண்ணியதைக்கூட.

அவள் டம்ளரை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"நான் செவ்வாக்கிழமை ஆப்பரேஷன் மேஜையிலயே செத்துப் போனா, என் படத்துக்கு முன்னால நின்னா இதச் சொல்லியிருப்ப?"

அவள் குளிர்பெட்டிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"பொட்டி நெறையா ஆரஞ்சு இருக்கே, அதுக்கா எரிஞ்ச? எனக்கு ஆரஞ்சு தின்னா நெஞ்சு கரிக்கும்டி. வேணும்னா தூக்கிட்டுப் போ." எழுந்து தலையை வாரினாள். "நான் உன்ன மன்னிக்கல. பஸ்ல யோசிக்கிறேன். ஜன்னல் சீட்டு எனக்கு."

ஜன்னல் சீட்டு கொடுத்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இன்செயின் தாண்டும்போது அசதியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோள் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாயங்காலச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். மேஜையிலிருந்த ஒரு அம்மா கேட்டார். "நீங்கதானா எஸ்தர்? உடம்பு முடியாம வரலன்னாங்களே."

எனக்கு உயிர் போய்விட்டது. நான் டோ மிரியமிடம் உண்மையைச் சொன்னது எஸ்தருக்குத் தெரியாது. அவள் உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் நான் நாறிப்போவேன். சொல்வதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

எஸ்தர் சிரித்துக்கொண்டு, "ஆமா, நேத்து வரைக்கும் முடியல. இன்னிக்கு இவ வந்து கூப்பிட்டதும் பரவாயில்ல ஆயிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேஜையில் என் துணி கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்த இரண்டு நாளில் மீதி நேரமெல்லாம் அவள் வாசித்தாள், நான் கேள்வி கேட்டேன். சதா பயந்துகொண்டு "அப்படி ஆனா? இப்படி ஆயிட்டா?" என்று கேட்கிற என் வாய்க்கு அங்கே வேலை இருந்தது. வாத்தியார் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். நல்ல கேள்வி கேட்கத் தெரிந்த ஜோடி கிடைப்பது லேசில்லை என்றாராம். எஸ்தர் என் தொடையில் கிள்ளி, "ரொம்பப் பூரிக்காத" என்றாள். அப்போதுதான் மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பாக்கியத்தின் மகள் எஸ்தர், பாக்கியத்தின் மகள் எஸ்தர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். நாலு மணி நேரம் சொன்னேன். கட்டி கெட்ட கட்டிதான். ஆனால் பரவவில்லை, முழுதாக எடுத்துவிட்டோம், நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. அவள் தலைக்குக் குல்லாய் தைத்துக் கொடுத்தேன், ஓரத்தில் நீலக் கொடி வைத்து. அவள் வீட்டுப் பாட்டரி வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் தைத்தேன். இப்போது முடி காதுவரை வளர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி அவள்தான் வாசிக்கிறாள். அதே கணீர்க் குரல். பக்கத்தில் இருப்பவர்கள் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் சில நேரம் சுருக்கென்று வரும். வந்தால் மடியில் இருக்கும் கைக்குட்டையை விரித்து, என் இரண்டு கை மேலும் போட்டுக்கொள்கிறேன். ஆண்டவர் என்னை மறக்கவில்லை, மூடி வைத்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார்.

இதை எழுதி முடித்து எஸ்தரிடம்தான் பிழை திருத்தக் கொடுத்தேன். பதினொரு இடத்தில் திருத்தினாள். "என் குளிர்பெட்டியப் பத்தி எழுதினத எடுக்காத, நல்லாருக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டுக்கு முதலில் ஆசீர்வாதம் போவதைப் பார்த்துக்கொண்டு கைக்குட்டையை மடித்துக்கொண்டிருக்கிற யாராவது இதை வாசித்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை. அந்த ஆளின் பெயரை, அவர் அம்மா பெயரோடு சேர்த்து, ஒரே ஒரு தரம் ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். அவ்வளவு போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். என்னைப் போல அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடுகிறவளையே பார்த்துக்கொண்டவர், உங்களையா விட்டுவிடுவார்?